நாளிதழ் குறுக்கெழுத்துப் புதிர்: எங்கே தொடங்குவது, எப்படி நிரப்புவது, எப்படி விவாதிப்பது

தமிழ் நாளிதழ்களிலும் அவற்றின் வார இணைப்புகளிலும் வரும் எளிய குறுக்கெழுத்தைப் பாதியில் கைவிடுகிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்கு அவ்வளவு தமிழ் தெரியாது." அவர்கள் விட்டுப்போன கட்டங்களைப் பார்த்தால் அது உண்மையில்லை என்று தெரியும். தெரிந்த சொற்களே அங்கே காலியாகக் கிடக்கும். சிக்கல் நிரப்பிய வரிசையில் இருக்கிறது. முதலில் எழுதிய ஒரு தவறான சொல், அதை வெட்டும் மூன்று சொற்களையும் அடைத்துவிடும்.

இந்த வழிகாட்டி நேரடிக் குறிப்புகள் கொண்ட எளிய புதிருக்கானது. குறிப்புக்குள் விடையை ஒளித்து வைக்கும் சங்கேதப் புதிருக்கு வேறு பயிற்சி வேண்டும்.

1. உட்காரும் முன்

பென்சிலும் அழிப்பானும் போதும். பென்சில் 2பி போல மென்மையாக இருக்கட்டும். செய்தித்தாள் மெல்லியது. கடினமான முனை அதைக் கிழிக்கும், அழிக்கும்போது கட்டக் கோடும் சேர்ந்து போகும். தாளுக்கு அடியில் ஓர் அட்டை வையுங்கள்.

பேனாவில் எழுதுவதைப் பெருமையாக நினைப்பவர்கள் உண்டு. தொடக்கத்தில் அது வேண்டாம். பேனாவால் எழுதிய விடையைச் சந்தேகிக்க மனம் வராது. சந்தேகிக்கத் தெரிவதுதான் இந்த ஆட்டத்தில் பாதித் திறமை.

ஓரத்தில் எழுதிப் பார்க்கக் கொஞ்சம் வெற்றுத்தாளும் வேண்டும். அகராதியை முதல் இருபது நிமிடம் தொடாதீர்கள். அதற்கு வேறு நேரம் இருக்கிறது.

2. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து

புதியவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். தமிழ்ப் புதிரில் உயிர்மெய் எழுத்து, துணைக்கால் கொம்பு எல்லாம் சேர்த்து ஒரே கட்டம். 'கொக்கு' என்றால் கொ, க், கு: மூன்று கட்டம். 'கௌதாரி'யும் மூன்றுதான். புள்ளி வைத்த மெய்க்குத் தனிக் கட்டம் உண்டு. ஆய்த எழுத்துக்கும் உண்டு. 'அஃறிணை' நான்கு கட்டம்.

எழுதுவதற்கு முன் விரலை மடக்கி எண்ணிவிடுங்கள். 'பேருந்து' நான்கு, 'சமுத்திரம்' ஆறு, 'ஞாயிறு' மூன்று. கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் ஒற்றெழுத்து கணக்கில் விடுபடும்.

கூட்டுச்சொல்லில் கூடுதல் கவனம் தேவை. 'வாழைப்பழம்' என்று ப் சேர்த்தால் ஆறு கட்டம், சேர்க்காமல் எழுதினால் ஐந்து. சரியான வடிவம் ஆறு. ஆனால் எல்லாப் புதிர்க்காரரும் ஒற்றில் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடிப்பதில்லை. பொருள் கச்சிதமாகப் பொருந்தி ஒரே ஒரு கட்டம் மட்டும் இடித்தால், சொல்லைத் தூக்கி எறியும் முன் ஒற்றைச் சோதியுங்கள்.

கிரந்த எழுத்தும் அப்படியே. 'சரஸ்வதி' ஐந்து, 'சரசுவதி'யும் ஐந்து. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் மூன்றாவது கட்டத்தை வெட்டும் சொல் வரும்வரை எது என்று தெரியாது. அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு மற்றதை எழுதுங்கள்.

3. எண் நிற்கும் இடமும் திசையும்

பல தமிழ்ப் புதிர்களில் நான்கு திசை உண்டு: இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். எண், சொல் தொடங்கும் கட்டத்தில் நிற்கும். ஆகவே வலமிருந்து இடம் போகும் சொல்லின் எண், அந்த வரிசையின் வலது முனையில் இருக்கும். ஒரே எண்ணில் இரண்டு மூன்று சொற்கள் கிளம்புவதும் சாதாரணம்.

முதல் வேலையாக, வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் போகும் எண்களுக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி போட்டுவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாதவர்கள் சரியான விடையை எதிர்த்திசையில் எழுதிவிட்டு, வெட்டும் சொல் ஏன் வரவில்லை என்று நெடுநேரம் தேடுகிறார்கள்.

சில இதழ்கள் எழுத்து எண்ணிக்கையை அடைப்புக்குறியில் தரும், சில தராது. தராவிட்டால் கட்டங்களை எண்ணி நீங்களே குறிப்பின் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. முதல் சுற்று: ஒரே விடை உள்ளவை மட்டும்

1ஆம் எண்ணிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். எல்லாக் குறிப்புகளையும் ஒருமுறை வாசித்து, வேறு விடைக்கு வழியே இல்லாதவற்றை மட்டும் நிரப்புங்கள். ஊர், ஆறு, பழமொழியில் விட்ட சொல், பொது அறிவு ஆகியவை இந்த வகை. 'யானை வரும் பின்னே, ____ வரும் முன்னே' என்றால் மணியோசை, நான்கு கட்டம். 'சோழர் கொடியில் இருந்தது' என்றால் புலி, 'பாண்டியர் கொடியில் இருந்தது' என்றால் மீன். இரண்டும் இரண்டிரண்டு கட்டம்.

'அரசன்', 'நிலா', 'தொடக்கம்' போன்ற ஒற்றைச்சொல் குறிப்புகளை இந்தச் சுற்றில் தொடவே வேண்டாம். அவை பார்க்க எளிது. உண்மையில் அவைதான் அதிகம் ஏமாற்றும், ஏனென்றால் தமிழில் அவை ஒவ்வொன்றுக்கும் கைநிறையச் சொற்கள் உண்டு.

5. குறிப்பின் வாலைப் பாருங்கள்

நல்ல புதிரில் குறிப்பும் விடையும் இலக்கணத்தில் ஒத்துப்போகும். குறிப்பு பன்மையானால் விடையின் கடைசி இரண்டு கட்டம் பெரும்பாலும் 'க', 'ள்'. குறிப்பு 'நடத்துபவர்' என்று மரியாதையில் முடிந்தால் கடைசிக் கட்டம் பெரும்பாலும் 'ர்'. 'வேகமாக' என்று கேட்டால் 'விரைவாக' என்று வர வேண்டும், 'விரைவு' போதாது. 'ஓடினான்' என்றால் விடையும் இறந்த காலம்.

இதனால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. விடை தெரியாமலே கடைசி எழுத்தை மெல்லிய கோட்டில் எழுதி வைக்கலாம். அந்த எழுத்து இன்னொரு சொல்லைத் திறந்துவிடும். ஆனால் இப்படி ஊகித்து எழுதியதைச் சின்னதாக மூலையில் எழுதுங்கள். உறுதியானதும் ஊகமும் ஒரே அளவில் இருந்தால், பத்து நிமிடம் கழித்து எது எது என்று உங்களுக்கே தெரியாது.

6. ஒரு சின்னக் கட்டத்தை நிரப்பிப் பார்ப்போம்

ஐந்துக்கு ஐந்து கட்டம். வெளிச்சுற்று நான்கு சொற்கள், நடுவில் மேலிருந்து கீழாக ஒன்று. எல்லாமே ஐந்தெழுத்து. இடது மேல் மூலையில் 1, மேல் வரிசை நடுவில் 2, வலது கீழ் மூலையில் 3.

இடமிருந்து வலம் 1: ஆழித்தேர் ஓடும் ஊர்
மேலிருந்து கீழ் 1: கெட்டிமேளம் கொட்டும் சடங்கு
மேலிருந்து கீழ் 2: இலை பந்திக்கு, தண்டு பொரியலுக்கு
வலமிருந்து இடம் 3: தொடக்கம்
கீழிருந்து மேல் 3: பாடம் நடத்துபவர்

அவசரப்படுகிறவர் சடங்குக்குக் 'கல்யாணம்' என்று எழுதுவார். ஐந்து கட்டமும் நிரம்பும். தொடக்கத்துக்குத் 'துவக்கம்', அதுவும் ஐந்து. பாடம் நடத்துபவர் 'வாத்தியார்', அதுவும் ஐந்து. மூன்றும் பொருளில் சரி, எண்ணிக்கையிலும் சரி, மூன்றும் தவறு.

வரிசையாகச் செய்வோம். ஊர்க்குறிப்புக்கு ஒரே விடை: திருவாரூர். அதை எழுதியதும் 1இன் கீழ்நோக்கிய சொல் 'தி'யில் தொடங்கியாக வேண்டும். கல்யாணம் கழிந்தது, திருமணம் வந்தது. கவனியுங்கள், இரண்டுமே 'ண', 'ம்' என்று முடிகின்றன. கீழிருந்து பார்த்திருந்தால் வித்தியாசமே தெரிந்திருக்காது. முதலெழுத்துதான் பிரித்துக் காட்டியது.

நடுச்சொல் 'வா'வில் தொடங்குகிறது: வாழைமரம். அது கீழ் வரிசையின் நடுக்கட்டத்தில் 'ம்' தருகிறது. வலமிருந்து எண்ணினால் அது மூன்றாவது எழுத்து. துவக்கத்தின் மூன்றாவது எழுத்து 'க்', பொருந்தாது. மூன்றாவது 'ம்' வரும் சொல் ஆரம்பம். அது வலது கீழ் மூலையில் 'ஆ' வைக்கிறது. 'ஆ'வில் தொடங்கி, திருவாரூரின் 'ர்'இல் முடியும் ஐந்தெழுத்து: ஆசிரியர்.

தி ரு வா ரூ ர்
ரு ■ ழை ■ ய
ம ■ ம ■ ரி
ண ■ ர ■ சி
ம் ப ம் ர ஆ

இதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. மாற்றுச்சொல் உள்ள மூன்று குறிப்புகளையும் வெட்டும் எழுத்து தீர்த்து வைத்தது. நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் அந்த எழுத்து வரும்வரை காத்திருப்பதுதான்.

7. ஒத்த பொருள் சொற்களை எழுத்து எண்ணிக்கையோடு வைத்துக்கொள்ளுங்கள்

எளிய புதிர்களில் திரும்பத் திரும்ப வரும் பொருள்கள் சில உண்டு: சூரியன், சந்திரன், கடல், யானை, குதிரை, அரசன். இவற்றின் மாற்றுச்சொற்களைப் பொருள்வாரியாக மனப்பாடம் செய்தால் பயன் குறைவு. எண்ணிக்கைவாரியாக எழுதி வைத்தால் உடனே கைகொடுக்கும்.

சூரியனுக்கு: ரவி இரண்டு, பரிதி, ஞாயிறு மூன்று, ஆதவன், சூரியன் நான்கு, கதிரவன், பகலவன் ஐந்து.

கடலுக்கு: ஆழி இரண்டு, கடல், பரவை மூன்று, சாகரம், முந்நீர் நான்கு, சமுத்திரம் ஆறு. இதில் 'பரவை'யை 'பறவை' என்று எழுதிவிட்டால் பறக்கும் உயிராகிவிடும். ரகர றகரம், லகர ளகர ழகரம், நகர னகர ணகரம் மூன்றிலும் புதிர் சலுகை தராது. வெட்டும் சொல் உடனே காட்டிக்கொடுக்கும்.

யானைக்கு: யானை, கரி இரண்டு, களிறு, வேழம் மூன்று. 'பெண் யானை' என்றால் மட்டுமே பிடி. களிறு ஆண். குறிப்பில் ஆண் பெண் இருந்தால் அதை வெறும் அலங்காரமாக நினைக்காதீர்கள்.

குதிரைக்கு: பரி இரண்டு, குதிரை, புரவி, இவுளி மூன்று.

எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று பாருங்கள். அரசன், மன்னன், வேந்தன் மூன்றும் நான்கெழுத்து, மூன்றும் 'ன்'இல் முடியும். கடைசி எழுத்து கிடைத்து ஒரு பயனும் இல்லை, முதல் மூன்றில் ஒன்று வேண்டும். திங்கள், அம்புலி, வெண்ணிலா இவையும் நான்கெழுத்துதான். ஆனால் இங்கே கடைசி எழுத்து ஒன்றே போதும்: ள், லி, லா. அடுத்து எந்தச் சொல்லைத் தேடுவது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

8. புள்ளி எழுத்து தரும் துப்பு

தமிழ்ச் சொல்லமைப்பே புதிருக்குப் பெரிய உதவி. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை.

தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது. ஒரு சொல்லின் முதல் கட்டத்தில் வெட்டும் சொல் வழியாக 'ல்' வந்து உட்கார்ந்தால், வெட்டும் சொல் தவறு, அல்லது திசை தவறு. 'ஸ்', 'க்' போன்றவற்றில் தொடங்கும் கடன்சொற்கள் மட்டும் விலக்கு. அதேபோல க், ச், ட், த், ப், ற் ஆகியவற்றில் தமிழ்ச்சொல் முடியாது. கடைசிக் கட்டத்தில் 'ட்' உறுதியாக வந்தால் 'கிரிக்கெட்' போல வேற்றுமொழிச் சொல்லைத் தேடுங்கள்.

நடுவில் புள்ளி எழுத்து கிடைத்தால் அடுத்த கட்டம் பாதி திறந்த மாதிரிதான். தமிழ்ச்சொல்லில் க், ச், த், ப் நான்குக்கும் அடுத்து அதே இன எழுத்துதான் வரும்: 'க்'குக்குப் பின் க வரிசை, 'த்'துக்குப் பின் த வரிசை. 'ங்' வந்தால் அடுத்து பெரும்பாலும் க வரிசை. 'ஞ்' வந்தால் பெரும்பாலும் ச வரிசை, 'ந்' வந்தால் பெரும்பாலும் த வரிசை. 'ட்', 'ற்' இரண்டும் இந்த அளவு கட்டுப்படாது: 'வெட்கம்', 'கற்பனை' என்று வேறு எழுத்தையும் ஏற்கும். ர், ழ் இரண்டும் இரட்டிக்காது. 'ர்ர' என்றோ 'ழ்ழ' என்றோ கட்டத்தில் வந்தால் எங்கோ பிசகு.

இந்த விதிகளைச் சொல் ஓடும் திசையில் பொருத்த வேண்டும். வலமிருந்து இடம் போகும் சொல்லில் 'அடுத்த கட்டம்' என்பது இடப்பக்கக் கட்டம். இதை மறந்து வலப்பக்கம் நிரப்புவது மிகச் சாதாரணமான தவறு.

9. கலைந்தவை, தலைகீழானவை, தலை போனவை

கட்டத்தில் சொல் பொருந்தாத இடங்களில் புதிர்க்காரர் எழுத்தை மாற்றிப் போட்டு, குறிப்பில் அதைச் சொல்லிவிடுவார்.

'தலைகீழாக' என்றால் விடையைப் பின்னாலிருந்து எழுத வேண்டும். 'சோழர் கொடியில் இருந்தது, தலைகீழாக' என்றால் கட்டத்தில் லி, பு. 'வாலில்லை' என்றால் கடைசி எழுத்தை விட வேண்டும்: மதுரைக்கு வால் போனால் மது. 'தலை போனது' என்றால் முதலெழுத்து இல்லை: கவிதை, விதையாகும். இந்த மூன்றிலும் விடை தெரிந்தால் கட்டமும் தெரிந்துவிடும், அதனால் உடனே நிரப்பலாம்.

'கலைந்துள்ளது', 'குழம்பியிருக்கிறது' வேறு ரகம். 'தேசிய மலர், கலைந்துள்ளது' என்றால் விடை தாமரை என்று தெரியும், ஆனால் எந்த வரிசையில் என்று தெரியாது. மூன்று வெவ்வேறு எழுத்துகளை 6 விதமாக அடுக்கலாம், நான்கை 24 விதமாக. மூன்றெழுத்துச் சொல்லுக்கு வெட்டும் எழுத்து இரண்டு கிடைத்தால்தான் வரிசை உறுதியாகும். நான்கெழுத்துக்கு மூன்று வேண்டும். ஆகவே விடையை ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு, கட்டத்தைக் கடைசியில் நிரப்புங்கள். ஊகத்தில் அடுக்கினால் வெட்டும் சொற்களைக் கெடுக்கும்.

எட்டாம் பிரிவில் சொன்ன புள்ளி விதிகள் இங்கே செல்லாது. 'கடல்' தலைகீழானால் முதல் கட்டத்திலேயே 'ல்' நிற்கும்.

10. நகராமல் நின்றுவிட்டால்

ஒரு மூலை மட்டும் திறக்கவில்லை என்றால், அந்த மூலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சொற்களில் ஒன்று தவறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒத்த பொருள் குறிப்பில் வந்த சொல்லை முதலில் சந்தேகியுங்கள். ஊர்ப்பெயரையும் பழமொழியையும் கடைசியாக.

சந்தேகச் சொல்லை முழுதாக அழிக்காதீர்கள். வேறு உறுதியான சொல் உறுதிப்படுத்திய எழுத்துகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை மட்டும் நீக்குங்கள். பிறகு அந்தக் குறிப்பை வாய்விட்டு வாசியுங்கள். 'திரை' என்பதைச் சினிமா என்றே பிடித்துக்கொண்டிருந்த மனம், அலை என்ற பொருளுக்கு அப்போது வரும். 'மதி' நிலாவாகவும் அறிவாகவும் இருக்கலாம், 'கரி' யானையாகவும் அடுப்புக்கரியாகவும் இருக்கலாம்.

அகராதிக்கு இப்போது போகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். விடையைத் தேடுவதற்கு முன், குறிப்பிலுள்ள சொல்லைத் தேடிப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத பொருள் ஒன்று அதற்கு இருந்தால் வழி அங்கேயே கிடைத்துவிடும். கட்டமும் உங்களுடையதாகவே இருக்கும்.

11. மற்றவர்களோடு விவாதிப்பது

வீட்டிலோ அலுவலகத்திலோ நான்கு பேர் ஒரே புதிரைப் போடும்போது, முதலில் கண்டுபிடித்தவர் விடையைச் சொல்லிவிட்டால் மற்ற மூவருக்கும் ஆட்டம் முடிந்தது. எல்லாரும் தனித்தனியாக ஒரு சுற்று முடிக்கும்வரை பேச வேண்டாம். அரைமணி நேரம் தாராளமாகப் போதும்.

கேட்கிறவருக்குப் படிப்படியாகக் கொடுங்கள். முதலில் சொல்லின் வகை: பழைய சொல்லா, பேச்சு வழக்கா, கடன்சொல்லா. அதுவும் போதவில்லை என்றால், அவர் கட்டத்தில் எந்தச் சொல் தவறு என்று மட்டும் காட்டுங்கள். பெரும்பாலும் இதிலேயே விடை வந்துவிடும். பிறகுதான் ஓர் எழுத்து. எழுத்து கொடுப்பதானால் முதலெழுத்தைத் தராதீர்கள், நடு எழுத்தைத் தாருங்கள். முதலெழுத்து தெரிந்தால் மனம் தேடுவதை நிறுத்திவிடுகிறது.

பரிசுப் போட்டியாக வரும் புதிரானால் கடைசித் தேதி முடியும்வரை விடைகளைப் பகிர வேண்டாம்.

'என் விடைதான் சரி' என்று இருவர் நின்றால் மூன்றைக் கேளுங்கள். எண்ணிக்கை பொருந்துகிறதா? வெட்டும் சொற்கள் அனைத்தும் நிற்கின்றனவா? குறிப்பு வரும் ஒரு வாக்கியத்தில் இந்தச் சொல்லைப் போட்டால் பொருள் மாறாமல் ஓடுகிறதா? மூன்றாவதில்தான் பல விடைகள் விழும். 'அவன் வேகமாக வந்தான்' என்பதில் 'விரைவு' நிற்காது.

வெளியான விடையோடு உங்கள் விடை மாறினால், மாறிய கட்டத்தை முதலில் பாருங்கள். எழுத்து வடிவிலேயே இரண்டு சரி உள்ள சொற்கள் உண்டு: கோயில், கோவில், பவளம், பவழம். மாறுகிற கட்டத்தை வேறு சொல் வெட்டவில்லையென்றால் இரண்டையும் சரியென்று கொள்ளுங்கள், அந்தக் கட்டத்தை வெட்டில்லாமல் விட்டது புதிர்க்காரரின் குறை. வெட்டியிருந்தால், எந்த வடிவம் வேண்டும் என்பதை அந்த வெட்டுச்சொல் முன்பே சொல்லியிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் போனீர்களா, தவறாகப் போட்டீர்களா என்று பாருங்கள். பொருளிலேயே கருத்து வேறுபாடு என்றால் அகராதிப் பக்கத்தைத் திறந்து வைத்துப் பேசுங்கள். எண்ணே தவறாக அச்சாகியிருந்தால், விடை வரும் நாளில் திருத்தமும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.